அறுபது அடி உருளையும் பதினோரு பெயர்களும்

ஓ.டி.சி. என்று நீங்கள் சொல்லும் அழகே தனி. கண்டெய்னர் பெட்டிக்குள் அடங்காத சரக்கு என்று நாங்கள் நீட்டி முழக்கியதை மூன்று எழுத்தில் முடித்துவிடுகிறீர்கள். நீளம், அகலம், உயரம், எடை என்று நாலு கட்டத்தை நிரப்பினால் எந்த வண்டி, எந்த வழி என்று கம்ப்யூட்டரே சொல்லிவிடுகிறதாம். சந்தோஷம். எங்கள் காலத்தில் அந்த வேலையை ஒரு மேனேஜர் செய்தார். அவரும் உங்கள் கம்ப்யூட்டரைப் போலத்தான், நேரில் போய்ப் பார்க்க மாட்டார்.

போன மாதம் ஓய்வுபெற்ற என்னை நம் கம்பெனி அலுவலகத்துக்குக் கூப்பிட்டு, சால்வை போர்த்தி, "உங்க சாதனை ஒண்ணு சொல்லுங்க சார்" என்றீர்கள். ஏதோ மழுப்பிவிட்டு டீ குடித்து வந்துவிட்டேன். நீங்கள் எதிர்பார்த்தது பழவேற்காடு ஏரியில் அறுபது அடி இரும்பு உருளையை நான் மிதக்கவிட்ட கதையை. மேனேஜர் காலத்துக்குப் பிறகு அது என் பெயரில் ஊரெல்லாம் சுற்றிக்கொண்டிருக்கிறது. யாருடைய யோசனை அது, அதற்குப் பிறகு நான் என்ன செய்தேன் என்பதைச் சால்வையைப் போட்டுக்கொண்டு சொல்ல வாய் வரவில்லை. எழுதித் தருகிறேன்.

எழுபதுகளின் கடைசி. வெளிநாட்டிலிருந்து மெட்ராஸ் துறைமுகத்துக்கு ஓர் இரும்பு உருளை வந்து இறங்கியது. அறுபது அடி நீளம், பத்தடி விட்டம், இருபத்தைந்து டன். ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம் கட்டிக்கொண்டிருந்த ஒரு தொழிற்சாலைக்குப் போக வேண்டும். நெடுஞ்சாலையில் எளாவூர் செக்போஸ்ட்டுக்கு முன்னால் ஒரு சிறு பாலம், வெள்ளத்தில் ஒரு தூண் இறங்கிக் கிடந்தது. சாதாரண லாரிக்கே ஒவ்வொன்றாக விடுகிறார்கள். எங்கள் ட்ரெய்லரைப் பார்த்த பொறியாளர் சிரிக்கக்கூட இல்லை. திரும்பிப் போகச் சொல்லிக் கையை மட்டும் ஆட்டினார்.

எங்கள் மேனேஜர் தேசப்படத்தை விரித்தார். பழவேற்காட்டிலிருந்து அந்தப் பாலத்தையும் தாண்டி வடக்கே நீலமாக ஓர் ஏரி கிடந்தது. நீலத்தின் மேல் விரலை வைத்து ஒரே இழுப்பில் அக்கரைக்குக் கொண்டுபோனார். "சிம்பிள்" என்றார். உருளையைப் பொன்னேரி வழியாகப் பழவேற்காட்டுக்குக் கொண்டுபோய், அங்கே ஒரு பெரிய படகில் ஏற்றி, ஏரியில் வடக்கே போய், பாலத்தைத் தாண்டிய கரையில் இறக்கிவிடுவது. தண்ணீர் எவ்வளவு ஆழம் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டியவன் நான். சரக்கு சூப்பர்வைசர் என்று ஒரு பதவி, கழுத்தில் ஒரு டேப். அந்த டேப்பால் உருளையை ஏழு முறை அளந்தேன். ஏரியை ஒரு முறைகூட அளக்கவில்லை.

துறைமுகத்தில் துருப்பிடித்துக் கிடந்த இரும்புச் சரக்குப் படகு ஒன்றை வாடகைக்குப் பிடித்தார்கள். கடல் வழியாக இழுத்து வந்து, முகத்துவாரத்தில் நுழைத்து, பழவேற்காட்டில் கட்டினார்கள். வரும்போது எங்கும் தட்டவில்லை. "பார்த்தீங்களா?" என்றார் மேனேஜர். காலியாக வந்த படகு சுமையோடும் அப்படியே போகும் என்பது அவர் கணக்கு. நானும் தலையாட்டினேன்.

உருளையை ஏற்ற மூன்று நாள் ஆனது. துறைமுகத்திலிருந்து ஆறு கலாசிகள் வந்திருந்தார்கள். கப்பி, கம்பிவடம், ஜாக்கி இவற்றை வைத்து எதையும் எங்கும் நகர்த்தும் ஆட்கள். அவர்களுக்குத் தலைவனை டிண்டல் என்போம். எங்கள் டிண்டலுக்கு என் வயதுதான். நாக்கில் மட்டும் அறுபது வயசு. வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒரு மீனவர் எழுந்து வந்து படகைச் சுற்றிப் பார்த்துவிட்டு அவனிடம் கேட்டார்.

"எந்தப் பக்கம் போவுது இது?"

"வடக்கால."

"பங்குனி மாசத்துலியா?" என்று கேட்டுவிட்டு மறுபடி வலைக்குப் போய் உட்கார்ந்துவிட்டார். டிண்டல் என்னைப் பார்த்தான். நான் மேனேஜரைப் பார்த்தேன். அவர் தேங்காய் உடைக்க நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

காலை ஒன்பது மணிக்குப் புறப்பட்டோம். முன்னால் ஒரு மோட்டார் படகு இழுத்தது. மேனேஜர் ஆரஞ்சு நிற உயிர்காப்புச் சட்டை அணிந்து முன்பக்கம் நின்றார். போட்டோ எடுத்தார்கள். ஒரு மைல் போயிருப்போம். கீழே ஏதோ நீளமாகப் பெருமூச்சு விட்டது போல ஒரு சத்தம். படகு நின்றுவிட்டது. கயிறு அறுந்து மோட்டார் படகு மட்டும் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

எந்தப் பக்கம் பார்த்தாலும் தண்ணீர். மேனேஜர் முகம் வெளுத்துவிட்டது. எல்லோரும் உயிர்காப்புச் சட்டை போடுங்கள் என்றார். இருந்ததே மூன்று. விசில் ஊதச் சொன்னார். கலாசி ஒருவன் ஊதினான். சற்றுத் தள்ளித் தண்ணீருக்கு மேல் பத்துப் பதினோரு தலைகள் தெரிந்தன. அதில் ஒரு தலை எழுந்தது. ஒரு பெண். இறால் போடும் பனையோலைப் பறியைப் பல்லில் கடித்தபடி எங்களை நோக்கி நடந்து வந்தாள். ஆமாம், நடந்து. தண்ணீர் அவள் தொடைக்கு மேல் ஏறவில்லை. படகுக்குப் பக்கத்தில் வந்து பறியை வாயிலிருந்து எடுத்தாள்.

"இன்னா சார், யாருக்கு இன்னா ஆச்சு?"

அவள் மேனேஜரின் ஆரஞ்சுச் சட்டையை ஒரு முறை பார்த்தாள்.

"எறங்கி நடங்க சார். கரை அதோ கீது."

மேனேஜர் இறங்கினார். பேன்ட்டை மடித்து, பூட்ஸைக் கையில் பிடித்து, ஆரஞ்சுச் சட்டையைக் கழற்றாமலே கரைவரை நடந்து போனார். கலாசிகள் சிரிக்காமல் இருக்க அவரவர் தோளைக் கடித்துக்கொண்டார்கள். அவர் மெட்ராஸ் போய் மீட்டிங் போட்டார். என்னையும் கலாசிகளையும் உருளைக்குக் காவல் வைத்தார்.

அந்தப் பெண் கன்னியம்மா. என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும். கரையோரக் குடிசைகளில் இருந்த இருளர் குடும்பங்களைச் சேர்ந்தவள். வலை கிடையாது, படகு கிடையாது. சேற்றில் உட்கார்ந்து கையால் தடவி இறால் பிடிப்பார்கள். எங்கள் படகு நின்ற மறுநாளே அதன் நிழலில் இறால் ஒதுங்க ஆரம்பித்துவிட்டது. பெண்களும் நிழலுக்கு வந்துவிட்டார்கள். அந்த ஏரியில் எங்கள் கம்பெனி செய்த முதல் உருப்படியான காரியம் அதுதான். பகல் முழுக்கக் கீழே அவர்கள் தடவுவார்கள். மேலே நாங்கள் சும்மா உட்கார்ந்திருப்போம்.

மெட்ராஸிலிருந்து தந்தி வந்தது. 'தண்ணீர் ஏறும் வரை காத்திரு.' முகத்துவாரம் மணல் மூடிக்கொண்டு வருகிறது, இனி மழைக்காலம் வரை தண்ணீர் இறங்கத்தான் செய்யும், ஏறாது என்று மீன்காரர் எவரைக் கேட்டாலும் சொன்னார்கள். பதில் தந்தி கொடுத்தேன். மறுபடி வந்தது. 'காத்திரு.'

நாலாம் நாள் கன்னியம்மா அண்ணாந்து உருளையைப் பார்த்துக் கேட்டாள்.

"உள்ள இன்னா சார் கீது?"

"ஒண்ணும் இல்லம்மா. காலி."

"ஒண்ணுமே இல்லாததையா இவ்ளோ பாடுபட்டுத் தூக்கினு போறீங்க?"

டிண்டல் சத்தமாகச் சிரித்தான். எனக்குச் சுருக்கென்றது. இருபத்தைந்து டன் என்றால் எவ்வளவு என்று அவளுக்கு விளக்கினேன். யானைக் கணக்கிலெல்லாம் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"காலிக் கொடம்னா அதுவே மெதக்குமே சார். அத்த ஏன் இன்னோர் படவு மேல ஏத்தினு கீறீங்க?"

"இது குடம் இல்லம்மா, இரும்பு."

"இந்தப் படவு இன்னா சார், மரமா?"

சொல்லிவிட்டு மறுபடி சேற்றில் உட்கார்ந்துவிட்டாள். நான் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு சாப்பிடப் போனேன். பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்தேன். உருளையைப் படகில் ஏற்றுவதற்குப் போட்ட வரைபடத்தைத் திருப்பி, பின்பக்கம் கணக்குப் போட்டேன். உருளையின் கொள்ளளவு, எடை, அது தள்ளும் தண்ணீர். பள்ளிக்கூடத்தில் படித்த கணக்குதான். இரண்டரை அடி தண்ணீர் இருந்தால் உருளை தானே மிதக்கும். ஏரியில் மூன்றடி இருந்தது. அதைச் சுமந்த படகுக்குத்தான் நாலடிக்கு மேல் வேண்டியிருந்தது. ஒரு படகை இன்னொரு படகில் ஏற்றி இரண்டையும் தரைதட்ட வைத்திருந்தோம். கப்பல் கம்பெனி, காப்பீட்டு அதிகாரி, எங்கள் மேனேஜர், நான் என்று அத்தனை பேர் அந்த வரைபடத்தில் கையெழுத்துப் போட்டிருந்தோம்.

பழவேற்காடு தபாலாபீசுக்கு ஓடி மேனேஜருக்குத் தந்தி அடித்தேன். மறுநாள் பதில் ஆங்கிலத்தில் வந்தது. தமிழில் சொன்னால்: 'சரக்கு என்பது படகு அல்ல. காத்திரு.'

ஒரு காரியம் மட்டும் கேட்காமல் செய்தேன். உருளையின் திறப்புகள் எல்லாம் கப்பலில் வரும்போதே இரும்புத் தட்டு வைத்து முடுக்கப்பட்டிருந்தன. ஆள் நுழையும் வாய் ஒன்றைக் காப்பீட்டு அதிகாரி திறந்து பார்த்துவிட்டுத் தார்ப்பாயால் மூடிக் கட்டிப் போயிருந்தார். அதன் மூடியைத் தேடி எடுத்து, ரப்பர் வைத்து, எல்லா போல்ட்டையும் முடுக்கச் சொன்னேன். "இன்னாத்துக்கு அண்ணே?" என்றான் டிண்டல். "சும்மா இருக்கட்டும்" என்றேன். என் பணிக்காலத்தில் நான் எடுத்த ஒரே நல்ல முடிவு அதுவாகத்தான் இருக்கும். அதையும் பயந்துகொண்டேதான் எடுத்தேன்.

ஏழாம் நாள் பிற்பகல் தெற்குக் காற்று பலமாக அடித்தது. படகுக்கடியில் கிழக்குப் பக்கத்து மணலை அலை அரித்துக்கொண்டே வந்திருக்கிறது. எங்களுக்குத் தெரியவில்லை. முதலில் தட்டில் வைத்திருந்த டீ டம்ளர் நகர்ந்தது. அப்புறம் படகே கிழக்கே சாய்ந்தது. உருளைக்குக் கொடுத்திருந்த ஆப்புக் கட்டை ஒன்று வெடித்தது. கம்பிவடத்தில் இழை ஒவ்வொன்றாக அறும் சத்தம் கேட்டது. நிழல் விழுந்தது கிழக்குப் பக்கம். பெண்கள் அத்தனை பேரும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஓடுங்க" என்று கத்தினேன். தொடையளவு தண்ணீரிலும் சேற்றிலும் யார் ஓடுவது? கன்னியம்மா அண்ணாந்து பார்த்தாள். ஒரு நொடியில் புரிந்துவிட்டது. வெளியே ஓடினால் உருளை உருண்டு வரும் பாதையிலேயே ஓட வேண்டும். "தோணிய ஒட்டி வாங்கடி, மூக்குப் பக்கம் வாங்க" என்று ஒவ்வொருத்தியாகப் பிடித்து இழுத்து, படகின் ஓரமாகவே முன்முனைக்கு நகர்த்தினாள்.

மேற்குப் பக்கம் கையால் சுற்றும் வின்ச் ஒன்றிலிருந்து இன்னொரு வடம் உருளையைப் பிடித்திருந்தது. நானும் டிண்டலும் நாலு கலாசிகளும் அதில் தொங்கினோம். பிடித்துவிடலாம் என்றுதான் கை சொன்னது. உங்கள் கையும் அதைத்தான் சொல்லும். சரக்கைக் காப்பாற்று என்றே பழகிய கை. ஆனால் பிடித்து வைத்தால் அந்த எடை படகையே கவிழ்க்கும். கவிழ்ந்தால் முன்முனையில் நிற்கிறவர்களும் போவார்கள், நாங்களும் போவோம். விட்டுவிடத்தான் வேண்டும். எப்போது விடுவது என்பதுதான் கேள்வி.

"அண்ணே, தாங்காது" என்றான் டிண்டல்.

"எத்தினி பேரு வந்தாங்க?" என்று கீழே கத்தினேன்.

"ஒம்போது" என்றாள் கன்னியம்மா.

உள்ளங்கைத் தோல் வடத்தோடு போய்க்கொண்டிருந்தது. கண்ணை மூடிக்கொண்டேன்.

"பத்து." கொஞ்ச நேரம் கழித்து, "நானும் வந்துட்டேன், உடு சார்."

வின்ச்சின் பூட்டைத் தட்டிவிட்டேன். அறுபது அடி இரும்பு கட்டைகளின் மேல் உருண்டு, விளிம்பைத் தாண்டி, விழுந்தது. கிளம்பிய சேற்றுத் தண்ணீர் எங்களை முழுக்க நனைத்தது. உருளை ஒரு முறை அமுங்கியது. சேற்றில் இடித்தது. பிறகு ஒரு பெரிய எருமை குளத்தில் புரண்டு எழுவது போல மேலே வந்து, இரண்டு பக்கமும் ஆடி, நின்றது.

"அண்ணே, மெதக்குது" என்றான் டிண்டல்.

கீழே கன்னியம்மா முகத்தில் இருந்த சேற்றைத் துடைத்துக்கொண்டாள். "சொன்னேன் இல்ல" என்றாள். அவ்வளவுதான். பிறகு காற்றில் ஓடிப்போன தன் பறியைத் தேடிக்கொண்டு போனாள்.

மறுநாள் காலை உருளைக்குக் கயிறு கட்டினோம். இரண்டு மீன்படகுகள் முன்னால் இழுக்க, நானும் கலாசிகளும் அந்தப் பதினோரு பெண்களும் தண்ணீரில் நடந்து கையால் தள்ளினோம். இருபத்தைந்து டன்னை விரலால் தள்ளுவது ஒரு விநோதமான சுகம். கன்னியம்மா முன்னால் போய்க் காலால் ஆழம் பார்த்து, "இப்டிக்கா, அப்டிக்கா" என்று வழி சொன்னாள். வலை கட்டியிருந்த இடத்தில் மீன்காரர்கள் எடுக்கும் வரை நின்றோம். மூன்றாம் நாள் கரை வந்தது. மேனேஜர் காரில் வந்து காத்திருந்தார், போட்டோகிராபரோடு. கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு படம் எடுத்துக்கொண்டார். இந்த முறை அவருக்குக் கால்கூட நனையவில்லை.

அன்றைக்குக் கன்னியம்மா என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"எங்க பேரு போட்டு ஒரு காயிதம் குடு சார். இந்த ஏரில இந்த வேலை நாங்க செஞ்சோம்னு. ஊட்டு மனைக்கு எழுதிக் குடுக்கப் போனா, நீங்க இங்கதான் கீறீங்கன்றதுக்கு இன்னா அத்தாட்சினு கேக்கறாங்க."

செக்போஸ்ட்டுகளில் நீட்டுவதற்காக என் பையில் கம்பெனி லெட்டர்பேடும் ரப்பர் ஸ்டாம்பும் எப்போதும் இருக்கும். அங்கேயே எழுதியிருக்கலாம். மேனேஜர் கையெழுத்து இருந்தால்தான் மதிப்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மெட்ராஸ் போய்ப் பதினோரு பெயரையும் எழுதி நீட்டினேன். அவர் படித்துவிட்டுப் பேனாவால் ஒரு கோடு இழுத்தார். தேசப்படத்தில் இழுத்த அதே லாகவம்.

"பேரெல்லாம் எதுக்குய்யா? நாளைக்கு வேலை குடுன்னு வந்து நிப்பாங்க."

டைப் அடித்து வந்தது: 'எமது நிறுவனத்தின் புதுமையான மிதவை முறையில் உள்ளூர்க் கூலியாட்கள் சிலரும் உதவினர்.' புதுமையான முறை யாருடையது என்று அடுத்த மாதம் அவருக்கு வந்த பதவி உயர்விலிருந்து தெரிந்துகொண்டேன். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கும் ஓர் இன்க்ரிமென்ட் வந்தது.

அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு பழவேற்காடு போனேன். "படி சார்" என்றாள் கன்னியம்மா. பெண்கள் எல்லோரும் சுற்றி நின்றார்கள். என்ன செய்தேன் தெரியுமா? காகிதத்தைப் பார்த்துக்கொண்டே, அதில் இல்லாத பதினோரு பெயரையும் வாசித்தேன். ஒவ்வொரு பெயர் வரும்போதும் ஒருத்தி சிரித்தாள். ஏழாம் நாள் வின்ச்சை அவ்வளவு துணிச்சலாகத் தட்டிவிட்டவன் இவன்தான்.

ஒரு மாதம் கழித்து, தரைதட்டிய படகில் மிச்சமிருந்த கப்பி வடங்களை எடுக்கத் திரும்பப் போக வேண்டியிருந்தது. டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். கன்னியம்மா வந்தாள். கோபம் எதுவும் இல்லை. காகிதத்தை பெஞ்சில் வைத்தாள்.

"நீ படிச்ச காயிதம் வேற சார். அந்த ஆபீஸ்ல படிச்ச காயிதம் வேற."

அவர்கள் பதினோரு பேரும் அன்றைய இறாலை விட்டுவிட்டு, பஸ் ஏறித் தாலுகா ஆபீசுக்குப் போயிருக்கிறார்கள். அங்கே இருந்தவர் சத்தமாகப் படித்துக்காட்டிவிட்டு, இதில் உன் பேர் எங்கே என்று கேட்டிருக்கிறார். இவள், நல்லாப் பாருங்க சார், கம்பெனி சார் படிச்சாரு என்று மூன்று முறை சொல்லியிருக்கிறாள். சுற்றி இருந்தவர்கள் சிரித்திருக்கிறார்கள்.

இத்தனை வருஷத்தில் நான் உடைத்த சரக்கு உண்டு, தவறான துறைமுகத்துக்கு அனுப்பிய சரக்கு உண்டு. அவற்றுக்கெல்லாம் காப்பீடு இருந்தது.

பையிலிருந்து லெட்டர்பேடை எடுத்தேன். நடந்ததை நடந்தபடி எழுதினேன். யோசனை கன்னியம்மாவுடையது என்று முதல் வரியிலேயே எழுதினேன். பதினோரு பெயர், இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள், எத்தனை வருஷமாக இந்தக் கரையில் இருக்கிறார்கள் என்று ஒவ்வொருத்திக்கும் அவள் சொல்லச் சொல்ல எழுதி, கையெழுத்துப் போட்டு, ஸ்டாம்ப் குத்தினேன். அதிகாரமில்லாமல் கம்பெனி முத்திரையைப் பயன்படுத்தியதற்காக எனக்கு மெமோ வந்தது. இன்க்ரிமென்ட் போனது. அவர்களுக்கு மனை கிடைக்க இன்னும் நாலைந்து வருஷமும் வேறு எத்தனையோ காகிதங்களும் ஆயின. என்னுடையது அந்தக் கட்டில் ஒரு தாள், அவ்வளவுதான். அதெல்லாம் பிறகு.

அன்றைக்கு எழுதி முடித்து, வாசிப்பதற்காகத் தொண்டையைச் செருமினேன். கன்னியம்மா என் கையிலிருந்து காகிதத்தை மெதுவாக உருவி, டீ ஆற்றிக்கொண்டிருந்த கடைக்காரரிடம் நீட்டினாள்.

"நீ படி அண்ணே."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, எழுத்துக்கூட்டிப் படித்தார். ஒவ்வொரு பெயருக்கும் அவள் ஒரு விரலை மடக்கினாள். பத்து விரலும் மடங்கி, மறுபடி ஒரு விரல் மடங்கியது. காகிதத்தை வாங்கி பிளாஸ்டிக் பையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டாள். என்னைப் பார்த்தாள்.

"செரி சார். இப்போ எழுதித்தான் கீறே."